"எங்கட பரம்பரையே இப்பிடித்தான்": மகளின் இரத்தப்போக்கு பற்றிக் கேட்ட ஒரு தாய்க்கு

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 14 வயது. போன வருடம் பெரியபிள்ளை ஆனாள். அன்றிலிருந்து மாதாமாதம் ஒன்பது, பத்து நாட்கள் இரத்தம் போகிறது. இரண்டு மாதத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழ, ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 7.2 என்று சொல்லி வார்ட்டில் மறித்துவிட்டார்கள். இரத்தம் உறையும் சோதனைகள் எல்லாம் நோர்மல் என்றார்கள். பிறகு ஒரு டொக்டர் விடாமல் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, வேறு சோதனை செய்ததில் 'வொன் வில்லிபிராண்ட் நோய், முதலாம் வகை, அளவு 34' என்று வந்திருக்கிறது. தாய் கேட்கிறார்: இது இரத்தப் புற்றுநோயா? உறையும் சோதனை நோர்மல் என்றால் பிறகு எப்படி நோய்? தம்பிக்கும் வருமா? என் அண்ணா சின்ன வயதிலிருந்தே இவளை 'எங்கட மருமகள்' என்று சொல்லித் திரிகிறார், அது சரிவருமா? அம்மம்மாவோ, "எங்கட பரம்பரையே இப்பிடித்தான், கலியாணம் கட்டினாச் சரியாகும்" என்கிறாராம்.

தங்கச்சி, நான் டொக்டர் இல்லை. வன்னி ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடத்துக்குக் கிட்டத் தாதியாக நின்று ஓய்வு பெற்றவள். மருந்தின் அளவையும் நேரத்தையும் உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றதை எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

இது புற்றுநோய் இல்லை. தொற்றாது. இன்னொரு நோயாக மாறவும் மாறாது. பிறக்கும்போதே கூடப் பிறந்தது, கடைசி வரை கூட இருக்கும். முதலாம் வகைக்காரர் படித்து, வேலை பார்த்து, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டு எல்லோரையும் போல இருப்பார்கள். ஆனால் அதற்கு, அவர்களுக்கு என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கும் வைத்தியம் செய்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அது 14 வயதிலேயே தெரிந்துவிட்டது. நான் கண்ட பல பெண்களுக்கு அது கடைசிவரை தெரியவில்லை.

சரி, என்னதான் குறை? முத்தையன்கட்டுப் பக்கமோ இரணைமடுப் பக்கமோ வயல் செய்தவர்களுக்கு வாய்க்கால் கட்டு உடைந்தால் என்ன செய்வார்கள் என்று தெரியும். பாய்கிற தண்ணீருக்குள் மண்மூட்டையைத் தூக்கிப் போட்டால் நிற்காது, உருண்டு போய்விடும். முதலில் கட்டை அடிப்பார்கள். கட்டைக்குக் கட்டை தடியும் குழையும் வைத்துப் பின்னுவார்கள். அதில் மூட்டையை அணைத்து, மூட்டை நின்ற பிறகு களிமண் அப்புவார்கள். உடம்பில் இரத்தக்குழாய் வெட்டுப்பட்டாலும் இதே வேலைதான் நடக்கிறது. மண்மூட்டைதான் குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்). கடைசியில் அப்பும் களிமண் பைபிரின் என்ற நார். முதலில் அடிக்கும் கட்டைதான் இந்த வொன் வில்லிபிராண்ட் காரணி.

இது இரத்தக்குழாயின் உட்சுவரில் உற்பத்தியாகி, அங்கேயே கொஞ்சம் சேமிப்பிலும் கிடக்கும் ஒரு புரதம். மிக நீளமானது. சும்மா இருக்கும்போது சுருட்டி வைத்த கயிறு போல இரத்தத்தோடு சுற்றித் திரியும். காயம் பட்ட இடத்தில் சுவரின் உள்நார் வெளியே தெரிந்தால் அதில் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் ஓட்டத்தின் இழுவையில் அந்தக் கயிறு விரியும். விரிந்த கயிற்றில்தான் சிறுதட்டுகள் வந்து ஒட்டும். இழுவை கூடிய சின்னக் குழாய்களில்தான் இதற்கு வேலை அதிகம். மூக்கு, பல்முரசு, குடல், கர்ப்பப்பை எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். உங்கள் மகளுக்கு இரத்தம் போகும் இடங்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் இவைதான் வரும். ஹீமோபிலியா என்ற இன்னொரு இரத்தப்போக்கு நோய் உள்ள பையன்களுக்கு முழங்காலுக்குள்ளும் முழங்கைக்குள்ளும் இரத்தம் இறங்கி வீங்கும். இந்த நோயில் அப்படி வருவது கடும் வகையில்தான்.

அந்தக் காரணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஹீமோபிலியாவில் குறைகிற எட்டாம் காரணியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு திரிவது இதுதான். இது மிகவும் குறைந்தால் எட்டாம் காரணியும் தரிக்காமல் அழிந்துபோகும். முதலாம் வகையில் அது அவ்வளவாகக் குறைவதில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் கேட்டதில் நல்ல கேள்வி இதுதான்.

வன்னியில் பாம்புக்கடிக்கு வார்ட்டில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்த ஒரு சோதனை இருக்கிறது. புடையன் கடித்ததோ என்று சந்தேகம் வந்தால், கடிபட்டவரின் இரத்தம் இரண்டு மில்லிலீட்டர் அளவு எடுத்து, காய்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைப்போம். பிறகு மெல்லச் சரித்துப் பார்ப்போம். கட்டியாக நின்றால் மூச்சு வரும். தண்ணீராக வழிந்தால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது, விஷமுறி மருந்து ஏற்ற வேண்டும். உங்கள் மகளின் இரத்தத்தை அந்தக் குழாயில் விட்டுப் பார்த்தால் அழகாக உறைந்து நிற்கும். ஏன் தெரியுமா? குழாயில் ஓட்டம் இல்லை. தேங்கி நிற்கிற குட்டைக்குள் மண்மூட்டை போடக் கட்டை எதற்கு? ஆய்வுகூடத்தில் செய்யும் பி.ரி., ஏ.பி.ரி.ரி. சோதனைகளும் இப்படித்தான். சிறுதட்டுகளைப் பிரித்தெடுத்துவிட்டு, ஓடாத பிளாஸ்மாவில் களிமண் இறுகுகிறதா என்று மட்டும் பார்ப்பவை. எட்டாம் காரணியும் கூடவே நன்றாகக் குறைந்திருந்தால் ஒழிய, கட்டை இல்லாத குறை அவற்றுக்குத் தெரியாது. சிறுதட்டுகளின் எண்ணிக்கையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆக அந்த ரிப்போட் பொய் இல்லை. அது வேறு கேள்விக்கு வந்த பதில்.

(புடையன் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகங்களில் கண்ணாடி விரியன் என்று வருகிற இதே பாம்பின் விஷத்தை ஐதாக்கி, ஹீமோபிலியாக்காரரின் காயத்தில் வைத்து இரத்தத்தை நிறுத்தலாம் என்று 1934 இல் லண்டனில் மக்ஃபார்லேன், பானெட் என்ற இருவர் காட்டினார்கள். உடம்புக்குள் போனால் உறையும் பொருட்களை எல்லாம் எரித்துத் தீர்க்கிற விஷம், காயத்தின் மேலே ஒரு சொட்டு வைத்தால் சடுதியாக உறைய வைக்கிறது. இரத்த ஆய்வுகூடங்களில் இன்றும் அந்த விஷத்தை வைத்து ஒரு சோதனை செய்கிறார்கள்.)

எனக்கு இந்த நோர்மல் ரிப்போட்டில் ஒரு பழைய மனக்குறை இருக்கிறது. நான் வேலை செய்த ஆஸ்பத்திரிகளில் ஒன்று, எது என்று சொல்லவில்லை. மாரிகாலம், இரவு பதினொரு மணி இருக்கும். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பாய் விரித்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பதினைந்து வயது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், கடதாசி போல வெள்ளை. தாய் ஒரு சொப்பிங் பையை என்னிடம் நீட்டினாள். உள்ளே அன்றைக்கு மாற்றிய துணிகள். "மிஸ்ஸி, நான் பொய் சொல்லுறன் எண்டு நினைப்பியள், அதுதான் கொண்டு வந்தனான்" என்றாள். எண்ணினேன், பதினான்கு. ஹீமோகுளோபின் 5.1. இரண்டு பைந்த் இரத்தம் ஏற்றினோம், உறையும் சோதனை செய்தோம், நோர்மல். "வயசுக்கு வந்த புதிசில இப்பிடித்தான், ஹோர்மோன்" என்று அயன் குளிசை கொடுத்து அனுப்பினோம். அனுப்பியதில் நானும் ஒருத்திதான். ஒரே வருடத்தில் அந்தப் பிள்ளை மூன்று தடவை வந்தாள்.

மூன்றாம் தடவை கூட வந்தது அம்மம்மா. இரவு வார்ட்டில் மற்றவர்கள் தூங்கிய பிறகு வெற்றிலை இடித்துக்கொண்டே கதை சொன்னார். தனக்குப் பல்லுப் பிடுங்கியபோது இரண்டு நாள் இரத்தம் துப்பிக்கொண்டே இருந்தாராம், தலையணை எல்லாம் போய்விட்டதாம். தங்கச்சி ஒருத்தி பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள், வீட்டுக்கு வந்த பிறகு, 'பெருக்கெடுத்து' செத்துப்போனாளாம். மகனுக்குச் சின்ன வயதில் பங்குனி, சித்திரை வெயில் வந்தால் மூக்கு உடைந்து இரத்தம் வருமாம். எல்லாம் சொல்லிவிட்டு உங்கள் தாயார் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னார்: "எங்கட பரம்பரையே இப்பிடித்தான் மிஸ்ஸி." அவர் அதை ஆறுதலாகச் சொன்னார். விடிந்ததும் அதை அப்படியே டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளையைச் சரியான சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த வாக்கியம் வந்தால் பேனாவை எடுக்க வேண்டும் என்று அன்றுதான் படித்தேன்.

தாய், பெரியம்மா, அம்மம்மா எல்லோருக்கும் பத்து நாள் போகிற வீட்டில், பத்து நாள்தான் கணக்கு என்று பிள்ளையும் நினைத்துக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்க்க வெளியாள் யாரும் இல்லை. மாதச்சுகயீனம் பற்றி வீட்டுக்கு வெளியே நாங்கள் கதைப்பதுமில்லை. அதனால் அளவைச் சொல்கிறேன். ஏழு நாளுக்கு மேல் போவது, ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலத்தில் பாட் நனைந்து மாற்ற வேண்டியிருப்பது, பெரிய குத்திக் காசிலும் பெரிய கட்டியாக விழுவது, இரவில் பாய் நனைவது: இதில் ஒன்று மாதாமாதம் இருந்தாலும் அது கூடிய போக்குத்தான். அதோடு மூக்கால் பத்து நிமிடத்துக்கு மேல் இரத்தம் வருவது, காரணம் தெரியாமல் உடம்பில் கண்டிப்போவது, பல்லுப் பிடுங்கிய இடம் மறுநாளும் கசிவது ஆகியவையும் இருந்தால் சோதிக்காமல் விடக் கூடாது.

இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் ஒரு பெண்பிள்ளையின் கதைதான். பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே கடலில் ஓலண்ட் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கிருந்து 1924 இல் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றை எரிக் வொன் வில்லிபிராண்ட் என்ற வைத்தியரிடம் கொண்டுவந்தார்கள். அதன் அக்கா தங்கைகளில் சிலர் அதற்கு முன்பே இரத்தம் போய் இறந்திருந்தார்கள். ஹீமோபிலியா ஆண்பிள்ளைகளின் நோய் ஆயிற்றே, இங்கே பெண்கள் அல்லவா சாகிறார்கள் என்று அவர் குடும்பத்தின் தலைமுறைகளை எழுதி அடுக்கிப் பார்த்தார். 1926 இல் இது வேறு நோய் என்று எழுதினார். அந்தப் பிள்ளை 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயில், இரத்தம் போய் இறந்தது. அவளுக்கு இருந்தது கடும் வகை. உங்கள் மகளுடையது அதுவல்ல, பயப்பட வேண்டாம்.

உலகக் கணக்கில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இந்த நோய் தொல்லை தரும் அளவில் இருக்கிறது என்பார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தில் சுமார் 92 ஆயிரம் பேர், கிளிநொச்சியில் சுமார் ஒரு லட்சத்துப் 13 ஆயிரம் பேர். அந்த விகிதத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் இரண்டு மாவட்டத்திலும் இருநூறு பேராவது இருக்க வேண்டும். முப்பது வருடத்தில் நான் கடதாசியோடு கண்டவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். மிச்சப் பேர் எங்கே? அயன் குளிசையோடு வீட்டில் இருக்கிறார்கள்.

இனி அந்த 34 என்ற எண். வழக்கமான ஆளுக்கு 50 க்கு மேல் இருக்கும். 30 க்குக் கீழே என்றால் இரத்தப்போக்குக் கதை இல்லாவிட்டாலும் நோய்தான். 30 க்கும் 50 க்கும் நடுவே இருந்து, வழமைக்கு மாறாக இரத்தமும் போகிறது என்றாலும் அதே நோயாகத்தான் இப்போது கொள்கிறார்கள். உங்கள் மகள் அந்த இரண்டாவது பக்கம். ஆனால் இந்த எண் ஒரு இடத்தில் நிற்காது. காய்ச்சல், அழுகை, ஓட்டம், கர்ப்பம், சில ஹோர்மோன் குளிசைகள் எல்லாம் அதை ஏற்றிக் காட்டும். ஓ வகை இரத்தக்காரருக்கு மற்றவர்களைவிடக் கால்வாசி குறைவாகவே இருக்கும். ஆகவே டொக்டர் இன்னொரு முறை சோதிக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. இரத்தக் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்துத் தூர இடத்துக்கு அனுப்பினால், குளிரில் இந்தக் காரணி குறைந்து, இல்லாத நோயையும் இருப்பதாகக் காட்டும். வெயிலில் கிடந்தாலும் பழுதுதான். எங்கள் பக்கத்துத் தூரத்துக்கு, குழாயை அனுப்புவதைவிட ஆளே பஸ் ஏறிப் போய், ஆய்வுகூடம் இருக்கும் இடத்திலேயே இரத்தம் கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம். காலை பஸ்ஸில் போய் இறங்கிய உடனே ஓடிப்போய்க் கையை நீட்டாமல், அரை மணித்தியாலம் இருந்து ஆறிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வைத்தியத்துக்கு வருவோம். மகளுக்கு இப்போது முதல் எதிரி இரத்தச்சோகை. ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாதாரண மாதவிடாயில் போவது 30, 40 மில்லிலீட்டர்; 80 ஐத் தாண்டினால் கூடிய போக்கு. 120 மில்லிலீட்டர் போகிற பிள்ளைக்கு அதில் மட்டும் 60 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுப்பதோ நாளுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான், அதிலும் மற்றச் செலவுகள் உண்டு. முருங்கையிலை வறையும் ஈரலும் நல்லதுதான், கொடுங்கள். ஆனால் வரவைவிடச் செலவு கூடிய வீட்டில் சீட்டுப் பிடித்துக் கரைசேர முடியாது. அயன் குளிசை வேண்டும், அதுவும் ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் அளவுக்கு. குளிசை போட்டதும் பிளேன்ரீ குடிப்பதை மட்டும் நிறுத்துங்கள், தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துவிடும். தேசிக்காய்த் தண்ணீரோடு கொடுக்கலாம்.

போக்கைக் குறைக்கப் பெரும்பாலும் முதலில் கொடுப்பது டிரனெக்ஸாமிக் அமிலம் என்ற குளிசை. அது கட்டிய இரத்தம் கரையாமல் பார்த்துக்கொள்ளும். அந்த நாட்கள் தொடங்கியதும் எடுத்து, நாலைந்து நாளில் நிறுத்துவது. சிறுநீரில் இரத்தம் போனால் டொக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. அடுத்தது ஹோர்மோன் குளிசை. இங்கேதான் எங்கள் தாய்மார் முகம் மாறும். மித்துரி போன்ற குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை ஒன்றைக் கலியாணம் கட்டாத பிள்ளைக்கு எழுதினால், யாரும் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று பெட்டியோடு அடுப்பில் போட்டவர்களைத் தெரியும். கர்ப்பப்பையின் உட்படலத்தை மெல்லியதாக்கினால் விழுகிற இரத்தம் குறையும், அவ்வளவுதான் அதன் வேலை. பெட்டியைக் கிழித்துவிட்டு அட்டையை மட்டும் வைத்திருங்கள், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

டெஸ்மோபிரசின் என்ற மருந்து ஒன்றும் உண்டு. குழாய்ச் சுவரில் சேமிப்பில் கிடக்கிற காரணியை வெளியே தள்ளும். 1977 இல் இத்தாலியில் மனூச்சி என்பவரும் கூட்டாளிகளும் இதற்குப் பயன்படுத்திக் காட்டியது. முதலாம் வகைக்காரருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் அளவு இரண்டு மூன்று மடங்கு ஏறும். பல்லுப் பிடுங்க, சின்னச் சத்திரசிகிச்சை செய்ய அதுவே போதும். யாருக்கு எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டி ஒருமுறை கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த மருந்து ஏற்றிய நாளில் தண்ணீரைக் குறைத்துக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் உப்பு இறங்கி வலிப்பு வரலாம். எங்கள் வெயிலுக்கு இது கஷ்டம். அன்றைக்கு இளநீர், சோடா என்று பாசத்தில் யாரும் வாங்கிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய சத்திரசிகிச்சை, பெரிய விபத்து என்றால் காரணியையே ஊசியாக ஏற்றுவார்கள். அது கிடைக்காத இடத்தில் இரத்த வங்கியில் கிரையோ என்று சொல்லும் பை கைகொடுக்கும்.

செய்யக் கூடாதது ஒன்றைத் தடித்த எழுத்தில் எழுதி அலுமாரியில் ஒட்டுங்கள். வயிற்றுக் குத்துக்குப் பொன்ஸ்டான் வேண்டாம். புருபன், வோல்டரன், டிஸ்பிரின் எதுவும் வேண்டாம். இவை சிறுதட்டுகளின் வேலையைக் கெடுக்கும். இருக்கிற கட்டையும் போய், மூட்டையும் வழுக்கினால் என்ன மிச்சம்? நோவுக்குப் பனடோல். மாதக் குத்துக்குப் பொன்ஸ்டான் கொடுப்பது எங்கள் பக்கம் தண்ணீர் குடிப்பது போல ஆகிவிட்டது. பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியிலும் இருக்கும். வகுப்பு ரீச்சரிடம் நேரே போய்ச் சொல்லிவிடுங்கள்.

மூக்கு உடைந்தால் தலையை அண்ணாந்து பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தை விட்டு, முன்பக்கம் குனிந்து இருக்கச் சொல்லி, மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். இடையில் விட்டு விட்டுப் பார்க்கக் கூடாது. காயத்துக்குக் கோப்பித்தூள் அப்ப வேண்டாம், துப்புரவான துணியால் அழுத்தினால் போதும். நிற்கவில்லை என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், ஒழுங்கையின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

தம்பி பற்றி. முதலாம் வகை, தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பழுதான மரபணுவின் ஒரு பிரதி வந்தாலே காட்டலாம். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. பெண்பிள்ளைகளுக்கு மாதாமாதம் இரத்தம் போவதால் வெளியே தெரிகிறது, ஆண்பிள்ளைகள் மூக்குடைவோடு தப்பிவிடுகிறார்கள். சோதித்துவிடுங்கள். அதுவரை பல்லுப் பிடுங்குவதையும் தசைக்குள் ஊசி போடுவதையும் கேட்டுச் செய்யுங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தம்பிக்கு நேர்த்தி இருக்கிறது என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். பாற்காவடி எடுக்கட்டும். செடில் குத்த வேண்டாம். கண்ணகி அம்மன் கோவிக்க மாட்டா.

அண்ணாவின் மகன் விஷயம் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியது. நோய் உங்கள் தாயார் வழி வந்தது போலத்தான் கதை இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் அண்ணாவுக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அவர் மகனுக்கு நாலில் ஒன்று. இரண்டு பேருக்கும் இருந்து அவர்கள் கட்டினால், பிறக்கும் பிள்ளை இரண்டு பக்கத்துப் பிரதியையும் சேர்த்து வாங்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படி வாங்கினால் அந்த ஓலண்ட் பிள்ளையுடையது போலக் கடுமையாகலாம். மூன்றாம் வகை என்ற கடும் நோய் சொந்தத்துக்குள் கட்டும் சமூகங்களில் கூடுதலாகக் காணப்படுவது இதனால்தான். ஆகவே அண்ணாவையும் பெடியனையும் சோதிக்கட்டும். அவர்களுக்கு இல்லை என்றால் இந்த நோய் அந்தக் கலியாணத்துக்குத் தடை இல்லை. தகப்பன் வழி மச்சான் என்றால் இந்தக் கணக்கு வேறு. அதெல்லாம் பிறகு, முதலில் பிள்ளை ஓ எல் எழுதட்டும். பிற்காலத்தில் வெளியில் கலியாணம் பேசினாலும் நோயைச் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பது என் முடிவு. தரகருக்கு இல்லை, மாப்பிள்ளைக்கு. பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே நிற்கப் போகிறவன் அவன்.

"கலியாணம் கட்டினாச் சரியாகும்" என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அதில்தான். கர்ப்பகாலத்தில் இந்தக் காரணி தானாக ஏறும். முதலாம் வகைக்காரர் பலருக்குக் கடைசி மாதங்களில் நோர்மல் அளவுக்கே வந்துவிடும். பிள்ளை பிறந்த பிறகு நாட்கணக்கில், வாரக்கணக்கில் பழைய அளவுக்கு இறங்கும். இறங்குகிற அந்த நேரம் தாய் வீட்டில் இருப்பாள். மற்றப் பெண்களுக்குப் பேற்றுப் பெருக்கு பெரும்பாலும் முதல் நாளிலேயே, ஆஸ்பத்திரியில் வைத்தே வரும். இவர்களுக்கு எட்டாம், ஒன்பதாம் நாளும் வரலாம். நான் சொன்ன அந்த அம்மம்மாவின் தங்கச்சி நினைவிருக்கிறதா? உங்களுக்கும் தம்பி பிறந்து எட்டாம் நாள் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இரத்தத்தையும் கட்டாயம் சோதியுங்கள். நீங்கள் இதைத் தாயாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நோயாளியாகவும் கேட்டது போலத்தான் படுகிறது.

மகளின் பள்ளிக்கூடப் பைக்குள் ஒரு சின்ன அட்டை வையுங்கள். நோயின் பெயர், வகை, இரத்த வகை, வேண்டாத மருந்துகள், கிளினிக் இருக்கும் ஆஸ்பத்திரி. தமிழில் மட்டும் எழுத வேண்டாம், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவித்து எடுங்கள். ஏ9 வீதியில் ஏதும் நடந்தால் வவுனியாவுக்கோ அனுராதபுரத்துக்கோ கொண்டு போவார்கள், அங்கே வாசிப்பவருக்குப் புரிய வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ்ஸில் கஷ்டம் என்றால் ஓட்டோ பிடித்தாவது. யார் யாருக்கு எந்த வயதில், எந்தக் காயத்துக்கு, எத்தனை நாள் இரத்தம் போனது, யார் எப்படிச் செத்தார்கள் என்று அவர் டொக்டரிடம் முழுதும் சொல்லட்டும். இடையில் "சரி அம்மா, விடுங்கோ" என்று நீங்கள் மறிக்க வேண்டாம்.